மஞ்சள் காப்பும் அப்பாவின் கல்வெட்டும்

மகனே,

நீ இதைக் கையில் எடுக்கும்போது கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டுதான் நிற்பாய். சாவியைக் கீழே வை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார். இத்தனை பக்கமா என்று முகத்தைச் சுளிக்காதே. எழுபத்தொரு வயதில் உன் அம்மா நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் குனிந்து எழுதியது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "ஓம் அம்மா, விளங்குது அம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அந்த வித்தை உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது. அவரிடமே நாற்பது வருஷம் தோற்றவள் நான்.

விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதுதான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, உப்பு எங்கே என்று கேட்பது போலக் கேட்டாய். "அம்மா, அப்பாவின்ர கல்வெட்டு ஒண்டு எடுத்து வையுங்கோ. ஒஃபிசில காட்ட வேணும்." எதற்கு என்றேன். "அவையளுக்கு எங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் தெரியாதம்மா. செத்தவீடு, முப்பத்தொண்டு எல்லாம் விளங்கப்படுத்தினனான். கல்வெட்டு எண்டு குடும்பம் முழுக்கப் போட்டுப் புத்தகம் அடிக்கிறனாங்கள் எண்டதும் ஒரே ஆச்சரியம். சும்மா பேக்ரவுண்டுக்குத்தான்." சொல்லும்போது உன் முகம் பளிச்சென்று இருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அந்த முகத்தோடு இருந்தேன். தேடி வைக்கிறேன் என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம், மகனே. வயசு போனதால் வந்த படபடப்பு என்று நீ நினைப்பாய். அப்படி இல்லை, வெறும் பயம்.

கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீதான் டைப் அடித்தாய். அப்பா போய் முப்பத்தோராம் நாள், இங்கே லண்டனில் சட்டன் மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்தோம். முன்னால் பதிகங்கள், நடுவில் அவர் வாழ்க்கை, பின்னால் ஆறு பக்கம் வம்சாவளி. யார் யாருடைய பிள்ளை, யாரைக் கட்டினார், எந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கிறார் என்று உன் பெரியப்பா கனடாவிலிருந்து இரண்டு மணி நேரம் போனில் வாசிக்க, ஒரு பெயர் விடுபட்டாலும் சண்டை வரும் என்று பயந்து நீ திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினாய். அந்த ஆறு பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. உன்னை அண்ணை என்று கூப்பிடுகிறவன். நீ வேலைக்குப் போன நாட்களில் உன் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவன். இந்த நாட்டில் இருக்கிறதற்கு அவனுடைய பேப்பர் இன்னும் சரியாகவில்லை. ஊரில் நடக்கிற சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கே ஊர்வலம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவன். ஊரில் அவனுடைய தாயும் தங்கையும் இருக்கும் இடமும் அதே பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

நீ அந்த வேலையில் சேர்ந்தபோது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தவள் நான். ஆர்ச்வே முருகனுக்கு அர்ச்சனையும் செய்தேன். நம் சனத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நின்று, இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் விளங்க வைக்கிற வேலை என்றாய். அது நல்ல வேலைதான். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் கண் வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பக்கம்தான் தெரிந்தது. அதை நான் உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நாங்கள் லைனில் இருந்தோம். லைன் என்றால் நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, எல்லோருக்கும் பொதுவாகக் குழாய், மூலையில் தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில். அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உன் மாமா, என் அண்ணன், என்னைவிட ஐந்து வயது பெரியவன். பதினான்கு வயதில் அப்பாவின் துடைப்பத்தை எடுத்தவன், என்னை மட்டும் அதைத் தொட விடவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். நான் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்து, அதே துப்புரவு ஆட்களைக் கட்டி மேய்க்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் வெள்ளைச் சட்டையும் பாவாடையுமாக நான் கிளம்பும்போது, அண்ணன் வடிகாலில் இறங்கி நிற்பான். "தொரசாணி போறா, வழி விடுங்க" என்று கேலி செய்வான். அவனுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று லைனுக்கே தெரியும்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, ஊர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. பஸ் ஓட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தினார்கள். துறைமுகத்தில் நிறுத்தினார்கள். சீனப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். தெருவில் கண்ணீர்ப் புகை அடித்தால் எங்கள் லைன் வரைக்கும் கண் எரியும். கடைசியில் எங்கள் ஆட்களும் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். நாள் கூலியை மாதச் சம்பளமாக்கு, காய்ச்சலில் படுத்தால் பெயரை வெட்டாதே, அவ்வளவுதான் கேட்டது. மூன்றாம் நாளே ஊர் நாறியது. மீன் குடலும் அழுகின பழமும் தெருமுனையில் மலையாகக் கிடந்தது. வெள்ளைக்காரர் வீட்டு வாசலிலும் கிடந்தது. அதற்கப்புறம்தான் அரசாங்கம் எழுந்து உட்கார்ந்தது.

எழுந்து உட்கார்ந்து என்ன செய்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த உத்தரவுகளில் பாதியை டைப் அடித்தது நான்தான். கார்பன் வைத்து ஆறு நகல். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. இருட்டினால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. ஒலிபெருக்கி கட்டிய வேன் நான்கு மொழியில் இதைக் கத்திக்கொண்டு லைனைச் சுற்றியது. சங்கத் தலைவர்கள் ஐந்து பேரை வழக்கும் இல்லாமல் வாய்தாவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். தலையை வெட்டினால் உடம்பு விழுந்துவிடும் என்று எண்ணினார்கள். விழவில்லை. அடுத்து யாரைப் பிடிப்பது என்று பேரேட்டைத் திறந்தார்கள். அது ஒரு வேடிக்கை. பேரேட்டில் முனியாண்டி என்று பதினோரு பேர். செத்துப்போனவன் பெயரில் அவன் மச்சான் வேலை செய்வான், ஊருக்குப் போனவன் பெயரில் அவன் தம்பி வேலை செய்வான். போலீஸ் பட்டியலோடு லைனுக்கு வந்து "கறுப்பையா யார்?" என்று கேட்டால் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். எந்தக் காகிதமும் அவர்களுக்கு உதவவில்லை.

ஆட்களை ஒன்றாகக் கட்டிப் போட்டிருந்தது வேறு ஒன்று. தீமிதிக்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள், உனக்குத் தெரியாது. மஞ்சளில் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து பூசாரி கையில் கட்டுவார். கட்டினால் நேர்த்தி முடிந்து அவரே அவிழ்க்கும் வரை கவிச்சி தொடக் கூடாது, எல்லை தாண்டி இன்னொரு இடத்தில் போய்ப் படுக்கக் கூடாது. அந்த வருஷம் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள், தீமிதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாரியம்மன் முன்னால் காப்புக் கட்டிக்கொண்டார்கள். கேட்டது கிடைக்கும்வரை துடைப்பத்தைத் தொட மாட்டோம் என்று சத்தியம். இனி அவர்கள்தான் தலைவர்கள். அண்ணன் மூன்றாவது ஆளாகக் கை நீட்டினான். வேலைக்குப் போகாத எல்லோருக்கும் பொதுவில் காய்ச்சி ஊற்றிய கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், துரை என்னை உள்ளே கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்துக்குப் பெரியவர் அவர். கொம்பு முளைத்த ஆள் என்று நினைக்காதே. மெதுவாகப் பேசுவார், தன் மகள் படத்தை மேசையில் வைத்திருப்பார். அன்றைக்கு என்னை உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. தேநீர் வரவழைத்தார், பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். ஆட்களில் சிலர் கையில் மஞ்சள் நூல் இருக்கிறதே, அது என்ன, ஏதாவது நோய்க்கா என்று கேட்டார்.

மிரட்டவில்லை, மகனே. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பேச்சை மாற்றியிருப்பார். எனக்குத்தான் வாய் அரித்தது. நோய்க்கா என்று கேட்டது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்கள் காட்டுமிராண்டிகள் இல்லை, எங்களுக்கும் சத்தியம், விரதம், கட்டுப்பாடு எல்லாம் உண்டு என்று காட்ட வேண்டும் போல் இருந்தது. கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை எல்லாம் எடுத்து விரித்தேன். காப்பு என்றால் என்ன, யார் கட்டலாம், இந்த முறை எதற்காகக் கட்டினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கட்டியவர்கள் இரவில் எங்கே இருப்பார்கள் என்று கேட்டார். எல்லை தாண்ட மாட்டார்கள், லைனிலேயேதான் படுப்பார்கள், அது கண்டிப்பு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். மிக அழகாக விளக்கினாய் என்றார். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்து, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார். கதவின் கைப்பிடியைத் தொட்டபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தியதில் தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்கு ஓடினேன். அப்போதும் நேரம் இருந்தது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சித் தொட்டிக்குப் போய், காப்பை அவிழ்த்துவிடுங்கள், போலீசுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் நான் உளறியது வெளியே வரும். தொட்டி வரைக்கும் போனேன். "என்ன புள்ள, மூஞ்சி வெளுத்திருக்கு?" என்று கேட்டாள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அக்கா. வெயில் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணன் விடியற்காலையிலிருந்து லைன் வாசலில் காவல் நின்றுவிட்டு வந்து பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். வலது கை பாய்க்கு வெளியே கிடந்தது. எழுப்பிச் சொன்னால் அவன் அவிழ்க்க மாட்டான், முதல் வேலையாக மற்றவர்களிடம் போய்ச் சொல்வான். நான் பூத்தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். அவன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நூலை வெட்டினேன். தானாக நழுவியது போல இருக்கட்டும் என்று மஞ்சள் துண்டோடு பாய்க்கு அடியில் தள்ளிவிட்டேன். எழுந்ததும் கையைப் பார்த்தான். அந்த மாதிரி அவன் முகம் கறுத்து நான் பார்த்ததில்லை. "காப்பு அறுந்துருச்சு புள்ள," என்றான். "அம்மாவுக்கு எம்மேல ஏதோ கோவம்." வேறு கட்டிக்கொள்ளக் கிளம்பினான். ஊரடங்குக்கு ஊதிவிட்டார்கள், விடிந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று வாசலை மறித்து நின்றேன்.

விடிவதற்குள் லாரிகள் வந்துவிட்டன. ஆண்கள் எல்லோரையும் கோயிலுக்கு முன்னால் இருந்த புல்வெளியில் உட்கார வைத்து, கையை மேலே தூக்கச் சொன்னார்கள். பட்டியல் இல்லை, பேரேடு இல்லை, யாரிடமும் ஒரு பெயர் கேட்கவில்லை. மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மஞ்சள் நூல் இருந்தால் இந்தப் பக்கம். அண்ணன் கையில் மஞ்சள் கறை இருந்தது, நூல் இல்லை. இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டி, நீ போகலாம் என்றார். அத்தனை பேரும் பார்த்தார்கள். இருபத்து மூன்று பேரை ஏற்றினார்கள். அதில் ஒரு கிழவர், சங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பேத்திக்கு அம்மை வார்த்திருந்தது, அதற்காகக் காப்புக் கட்டியிருந்தார்.

அந்த ஊரில் பிறக்காதவர்களை எல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடச் சட்டம் இருந்தது. பத்தே நாளில் கப்பல். துறைமுகத்து வாசலில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். கிழவரின் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காப்போட கடல் தாண்டக் கூடாதுன்னு சொல்லு புள்ள. பூசாரி வந்திருக்காரு. அவுத்து விட்டுட்டுப் போகட்டும், ஒரு நிமிஷந்தான்." நான் துரையிடம் சொன்னேன். நேரம் இல்லை என்று சொல் என்றார். அவளிடம் சொன்னேன். "நேரம் இல்லையாம், அக்கா" என்றேன். அந்த மூன்று சொல்லும் எனக்கு இன்றும் இந்த மோர்டன் வீட்டில், பாத்திரம் கழுவும்போது கேட்கிறது.

லைனில் யாரும் என்னைக் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குத் தானாகவா தெரியும், அண்ணன்காரன் சொல்லிக்கொடுத்து, தங்கச்சி ஆபீசில் ஒப்பித்து, அவன் மட்டும் நூலை அறுத்துத் தப்பிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். கஞ்சித் தொட்டியில் அகப்பை அவனைத் தாண்டிப் போனது. அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வேலைநிறுத்தம் அந்த வாரமே உடைந்தது. துடைப்பத்தை எடுக்கப் போனபோது அவனுக்குப் பக்கத்தில் நின்று கூட்ட யாரும் வரவில்லை. அவன் ஜோகூருக்குப் போய் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தான். பெண் கேட்டால் லைனில் விசாரிப்பார்கள், விசாரித்தால் விஷயம் முடிந்துவிடும். கல்யாணம் நடக்கவில்லை. நான் நர்ஸ் படிப்புக்கு லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது, லைன் சனமும் வழியனுப்ப வந்திருந்ததால், அவன் ஒரு கிடங்குச் சுவருக்குப் பின்னால் நின்று கையசைத்தான். "உம்மட அண்ணை ஏன் கலியாணம் கட்டேல்லை?" என்று உன் அப்பா ஒருமுறை கேட்டார். அவனுக்கு இஷ்டமில்லை என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்து நான் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மாடியில் இருந்தாய். டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. "அண்ணே, அந்தக் காப்பு தானா அறுந்து விழலே," என்றேன்.

"தெரியும் புள்ள," என்றான். "லாரி போனப்புறம் பாயைச் சுருட்டுனேன். அறுந்த நூலுன்னா பிசிறு இருக்கும். அது வெட்டுன நூலு. வீட்ல நீயும் நானுந்தானே."

"அப்ப ஏன்ணே ஒருத்தர்கிட்டயும் சொல்லலே?"

"சொன்னா உன்ன என்ன பண்ணியிருப்பாங்களோ. சின்னப் புள்ள, அண்ணனுக்கு என்ன ஆகுமோன்னு பயந்து வெட்டுனே. அதுல என்ன தப்பு." கொஞ்ச நேரம் இருமினான். "லைனு உன்னையும் சேத்துப் பேசுச்சு, நான் அத நம்பல. ஆனா காப்பப் பத்தி வெள்ளக்காரனுக்குச் சொன்னது யாருன்னு மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் தெரியல, புள்ள. ஒவ்வொரு மூஞ்சியா நினைச்சுப் பாத்துட்டேன். அது தெரிஞ்சிட்டா நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

கார்டில் இன்னும் நேரம் இருந்தது. இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று அந்த இயந்திரப் பெண் குரல் நடுவில் வந்து சொன்னது. இரண்டு நிமிஷம் தாராளமாகப் போதும். நான் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டேன். பழம் வாங்கிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நிமிஷமும் முடிந்து இணைப்பு தானாக அறுந்தது. பதினொரு நாள் கழித்து அவன் போய்விட்டான். அவனுக்குக் கல்வெட்டு அடிக்க அங்கே யாரும் இல்லை.

உன்னை வேலையை விடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் மேலதிகாரிகள் நல்லவர்களாகவே இருக்கலாம். பிஸ்கட் தட்டைத் தள்ளியவரும் நல்லவர்தான். இது சிங்கப்பூர் இல்லை, அந்தக் காலமும் இல்லை என்பாய். இருக்கட்டும். ஆனால் ஊர்வலம் பெருகப் பெருக அவர்கள் கையில் இருக்கிற காகிதம் போதாமல் போகும். யார் யாருக்குச் சொந்தம், எங்கே படுக்கிறான் என்று யாராவது ஒருத்தன் அன்பாகச் சொல்ல வேண்டியிருக்கும். உன்னிடம் ஒன்றைக் கேட்டால், இது எதற்கு வேண்டும் என்று திருப்பிக் கேள். அதைக் கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நம் சனம் மட்டமில்லை என்று காட்ட வேண்டும் போல இருந்தால், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள். அதில்தான் நான் விழுந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை அப்பாவின் கல்வெட்டை எடுத்துக்கொண்டுபோய், கவுன்சில் குப்பைப் பெட்டியில் பழைய பத்திரிகைகளுக்கு அடியில் சொருகினேன். நீ வந்தால், தேடிப் பார்த்தேன், காணவில்லை தம்பி என்று சொல்லிவிடலாம் என்று கணக்கு. உள்ளே வந்து தேநீர் போட்டேன், குடிக்க முடியவில்லை. தூங்குகிறவன் கையிலிருந்து நூலை வெட்டுகிற அதே வேலையைத்தான் திரும்பவும் செய்கிறேன் என்று பட்டது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, உனக்குத் தெரியாமல். வேன் வருவதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டேன். அட்டையில் கொஞ்சம் ஈரம், அப்பாவின் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ வாசித்த பிறகு, பெயர் ஒன்றும் இல்லாமல், இதைக் கோயில் மலரில் போடக் கொடுக்கப் போகிறேன். அண்ணன் மேல் பழி ஊரறிய விழுந்தது, அதனால் நானும் ஊரறியச் சொல்ல வேண்டும். அந்த மலர் சிங்கப்பூருக்கும் ஒன்றிரண்டு போகும். லைன் சனத்தின் பிள்ளைகள் யாராவது வாசிக்கட்டும். சொன்னது நான்தான், அண்ணே. வேறு யாருமில்லை.

சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கிறது. கல்வெட்டு மேசை லாச்சியில் மேலேயே இருக்கிறது. நான் பூட்டவில்லை. எடுத்துக்கொண்டு போவதும் வைத்துவிட்டுப் போவதும் உன் இஷ்டம். எட்டிப் பார்க்க மாட்டேன், கேட்கவும் மாட்டேன். நான் அடுப்படியில்தான் நிற்பேன். அந்த லாச்சி பழசு, இழுத்தால் கிரீச்சென்று சத்தம் வரும். அது எனக்குக் கேட்கும்.

அம்மா